மலைக்குப் போகும் மாப்பிள்ளைக்கு நாற்பத்தொரு சாமான்

என் மனைவிக்குச் சொந்த ஊர் கொடைக்கானல். எனக்கு மதுரை. கல்யாணமான வருடம், முதல் கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்கிப் போக வேண்டும் என்று மலையிலிருந்து கடிதம் வந்தது. அப்போது நவம்பர் மாதத்தின் நடுப்பகுதி. எங்கள் வீட்டு மின்விசிறி ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை வியர்வை பட்டுக் கடிதத்தின் இரண்டாவது வரியில் மை கலங்கியது. இரண்டையும் அன்றைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

நாட்குறிப்பு எழுதுவது எனக்குப் பள்ளி இறுதி வகுப்பிலிருந்து உள்ள பழக்கம். எழுபதுகளின் நடுவில் நடந்த இந்த விஷயத்தை எழுதும்போது அந்த வருடத்து டைரி மேசையில் திறந்தே இருக்கிறது. ஆகவே ஞாபகப் பிசகு என்று யாரும் சொல்ல முடியாது. என் மனைவி சொல்வாள். அவளுக்கு டைரி தேவைப்படுவதில்லை.

மூன்று நாள் பயணத்துக்கு ஐந்து வாரம் முன்னாலேயே நான் கவலைப்படத் தொடங்கியதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. மாமனார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருமகன் முதல் கிறிஸ்துமஸுக்கு வந்து போவதற்குள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். மூத்த மருமகன், அதாவது என் சகலை, ஒத்தக்கடைப் பக்கம் பள்ளி ஆசிரியர். ஊரில் கண்டிப்பானவர் என்று பெயர். அவர் தன் முதல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வேட்டி, இரண்டு அரைக்கைச் சட்டையோடு மலையில் போய் இறங்கியிருக்கிறார். அன்று சாயங்காலமே கட்டிலில் விரித்திருந்த கம்பளியை உருவிப் போர்த்தியவர், கிறிஸ்துமஸ் விடியும்வரை அதை இறக்கவில்லை. அந்த வருடத்துக் குடும்பப் புகைப்படத்தில் அவர் இருக்கிறார். கம்பளிக்கு மேலே ஒரு மூக்குக்கண்ணாடி தெரியும், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் 'கம்பளி.' என் கல்யாணத்தில் அவருடைய தலைமை ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, என் கொழுந்தியாள் மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து, "கம்பளி மச்சான், பந்திக்கு வாங்க!" என்று கூப்பிட்டாள். தலைமை ஆசிரியர் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

நான் பட்டப்பெயர் இல்லாமல் மலையிறங்க வேண்டும். டைரியில் இதை எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

முதலில் மனைவியிடம் கேட்டேன். அவள் அந்தக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"அங்க என்ன போடணும்?"

"என்னத்தப் போட? வேட்டியக் கட்டுங்க, சட்டையப் போடுங்க."

"குளிருமே?"

"குளிரத்தான் செய்யும். மலையில்ல."

"அப்ப ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கணும்ல?"

அவள் அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைக் கவனமாகப் பார்த்தாள். "அதெல்லாம் ஒண்ணும் வேணாங்க. அங்க எல்லாம் இருக்கும்."

"எல்லாம்னா என்னென்ன?"

"எல்லாம்னா எல்லாந்தான்."

பட்டியல் போடுகிறவனுக்கு 'எல்லாம்' என்பது ஒரு சாமான் ஆகாது.

இதற்கு நடுவில் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருடம் ஆகஸ்டில் என் நீலக்கோடு போட்ட முழுக்கைச் சட்டை ஒன்று காணாமல் போனது. வெளுக்கப் போட்ட துணியில் எண்ணிக்கை குறைந்தது என்று நான் சலவைக்காரரைக் கேட்டேன். ஒருமுறை அல்ல, நான்கு வாரமும் கேட்டேன். "எங்காத்தா சத்தியமா அந்தச் சட்டை என் கைக்கு வரலை சார்" என்றார் அவர். செப்டம்பர் கடைசியில் அந்தச் சட்டை அலமாரியில், மடித்த துணிகளுக்கு நடுவில், தானாகவே இருந்தது. "நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க" என்றாள் மனைவி. துணியை எண்ணிப் போட்டு எண்ணி வாங்குகிற என்னைப் பார்த்து! டைரியில் இதற்கு மட்டும் இரண்டு பக்கம்.

மனைவியிடம் பதில் கிடைக்காததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறினேன். சகலை பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. எம்புட்டுக் குளிரும்?"

"எம்புட்டுன்னு சொல்ல? தேங்காண்ணெய் கல்லாயிரும். காதத் தொட்டுப் பாத்தாத்தான் இருக்கா இல்லையான்னு தெரியும்."

"அப்ப என்ன கொண்டு போகட்டும்?"

"கெடைக்கிறது அம்புட்டையும் கொண்டு போங்க சகலை. ஒண்ணையும் விட்றாதீங்க. ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் உள்ளுக்குள்ள போடுங்க. வெளிய தெரிஞ்சிச்சு, பேரு வச்சிருவாங்க."

என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது. அதைப் பாசம் என்று டைரியில் எழுதியிருக்கிறேன். பின்னால் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

அடுத்த நாளே வேலையைத் தொடங்கினேன். அப்போது நான் ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர். மதுரைக்காரர்களிடம் கம்பளித் துணி இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். இருக்கிறது. எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, டிரங்குப் பெட்டியின் அடியில், பாச்சை உருண்டை வாசனையோடு. யாரோ எப்போதோ எந்த மலைக்கோ போனபோது வாங்கி, இறங்கி வந்த பிறகு ஒருநாளும் போட முடியாமல் வைத்த ஒன்று. டிராயிங் மாஸ்டர் குன்னூரில் வாங்கிய கையில்லாத ஸ்வெட்டரைக் கொடுத்தார். அறிவியல் வாத்தியார், கை முட்டியில் இரண்டு ஓட்டையுள்ள முழுக்கை ஸ்வெட்டர் கொடுத்தார். அலுவலக சூப்பிரண்டு மங்கி குல்லாவும் ஒரு யோசனையும் கொடுத்தார். "பனியனுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவுல நியூஸ் பேப்பரை மடிச்சு வையுங்க தம்பி. ராத்திரி லாரி ஓட்டுறவன் எல்லாம் அப்படித்தான் போறான். காத்து உள்ள வராது." என்.சி.சி. அதிகாரியாக இருந்த ஆசிரியர் காக்கி நிற நீளக் கோட்டைத் தந்தார். அதைச் சுவரில் மாட்டினால் ஓர் ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். பி.டி. மாஸ்டர், பள்ளிக் கால்பந்து அணியின் முழங்கால்வரை வரும் ஸ்டாக்கிங்கில் இரண்டு ஜோடி தந்தார். சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக. "ஒண்ணுக்கு மேல ஒண்ணாப் போடுங்க. ஜனவரி மேட்ச்சுக்கு வேணும். கிழிச்சிறாதீங்க சார்" என்றார்.

எது யாருடையது என்று பிற்பாடு குழப்பம் வரக்கூடாது. ஒவ்வொன்றின் உள்கழுத்திலும் சின்னச் சீட்டு எழுதிக் குண்டூசியால் குத்தினேன். 'டிராயிங் சார்.' 'சயின்ஸ் சார்.' 'சூப்பிரண்டு சார்.'

பட்டியல் நாற்பத்தொன்றில் நின்றது. எல்லாவற்றையும் இங்கே எழுதவில்லை. தைலம் இருந்தது, உதட்டுக்கு வெண்ணெய் ஒரு சின்ன டப்பாவில் இருந்தது, வெந்நீருக்கு ஃபிளாஸ்க் இருந்தது, ஃபிளாஸ்க் உடைந்தால் வெந்நீர் வைக்க இன்னொரு பாத்திரம் இருந்தது. தேங்காயெண்ணெய் கல்லானால் இளக்குவதற்கு மெழுகுவத்தி இருந்தது. முப்பத்தெட்டாவது சாமான் இந்தப் பட்டியலின் நகல். பெட்டி, படுக்கை சுற்றும் ஹோல்டால், ஒரு பெரிய பை. மனைவி கிளம்புகிற அன்று காலையில் பத்து நிமிடத்தில் ஒரு துணிப்பையில் மூன்று சேலை, ஒரு சால்வை, தன் அம்மாவுக்கு அல்வா, தங்கைக்கு வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ ஆகியவற்றை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

காக்கிக் கோட்டு எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. அதை வைத்தால் ஹோல்டாலின் வார் எட்டவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டே போவதுதான் ஒரே வழி. கோட்டைப் போட்டால் ஸ்வெட்டர்களையும் போட்டுக்கொள்ளலாம், பெட்டியில் இடம் மிச்சம் என்று எனக்குத் தோன்றியது. அப்போது அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. மதுரை பஸ் நிலையத்தில் காலை பத்தரை மணி வெயிலில், இரண்டு ஸ்வெட்டர், காக்கிக் கோட்டு, வேட்டி சகிதம் நான் நின்றேன். பக்கத்தில் இருந்த ஒருவர் தன் துண்டை எடுத்துக்கொண்டு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தார்.

"என்னண்ணே, காய்ச்சலா?"

"இல்லங்க. கொடைக்கானல் போறோம்."

"அது சரி. இன்னும் பஸ்ஸே எடுக்கலையே!"

கண்டக்டர் வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டா, மூணா?" என்றார்.

"ரெண்டு பேருதான்."

"கோட்டுக்குள்ள யாரும் இல்லைல்ல?"

பஸ் முழுதும் சிரித்தது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வத்தலக்குண்டு வரைக்கும் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே பஸ் நின்றபோது மெதுவாக, "இங்கயாவது கழட்டுங்களேன். ஒழுகுது" என்றாள். இதோ மலை வந்துவிடும் என்று நான் மறுத்துவிட்டேன். மலை வந்தது. அதற்குள் பனியன், இரண்டு ஸ்வெட்டர் எல்லாம் வியர்வையில் நனைந்து பிழியும் பதத்தில் இருந்தன. பாதி மலையில் குளிர்காற்று அடித்ததும் அத்தனையும் ஐஸாக மாறியது. குளிருக்கு என்று போட்ட துணியே குளிர்ந்து, நான் நடுங்கிய நடுக்கத்தில் முன் சீட்டுக் கம்பி அதிர்ந்தது. சும்மா வெறும் சட்டையோடு வந்த மற்றவர்கள் நிம்மதியாக வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

மாமனார் வீட்டு வாசலுக்குப் பத்து அடி முன்னால் கோட்டைக் கழற்றிச் சுமைபோலக் கையில் போட்டுக்கொண்டேன். மாமனார், மாமியார், கொழுந்தியாள், எங்களுக்கு முந்தின நாளே வந்துவிட்ட சகலை, அவர் மனைவி எல்லோரும் வாசலில் நின்றார்கள். அத்தனை பேரும் என் முகத்தைவிட என் கழுத்துக்குக் கீழேதான் பார்த்தார்கள்.

"மச்சான், குளிருதா?" என்றாள் கொழுந்தியாள், ஆசையோடு.

"இதெல்லாம் ஒரு குளிரா? எங்கூரு மார்கழிக்கு இது எவ்வளவோ தேவலை."

சகலை என்னைப் பார்த்து மிக மெதுவாகத் தலையசைத்தார்.

அன்றும் மறுநாளும் தப்பித்தேன். ஈரத்தை மாற்றி, காய்ந்ததைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். சற்றுப் பருத்துத் தெரிந்தேன். "கல்யாணத்துக்கப்புறம் மாப்பிள்ளை நல்லா சதை போட்டுட்டாரு" என்று மாமனார் திருப்திப்பட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாமியார் ஒரு தட்டில் வைத்து எனக்குப் புதுத்துணி கொடுத்தார். பட்டு வேட்டி, பட்டு ஜிப்பா. விடிந்தால் அதைத்தான் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும். எடுத்துக் கொடுத்த துணியைக் கோட்டால் மூடினால் பெரியவர்களை மதிக்காத மாதிரி. ஜிப்பாவை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். மறுபக்கம் விளக்கு தெரிந்தது.

நல்ல வேளை, ஜிப்பா தாராளமாக இருந்தது. அதிகாலையில் எழுந்து, இரண்டு பனியன், நியூஸ் பேப்பர் நெஞ்சுக்கு இரண்டு தாள் முதுகுக்கு இரண்டு தாள், அறிவியல் ஸ்வெட்டர், டிராயிங் ஸ்வெட்டர், அதற்குமேல் கீழே உள்ளது தெரியாமலிருக்க ஒரு வெள்ளைச் சட்டை, கடைசியாக ஜிப்பா. காலில் ஸ்டாக்கிங் இரண்டடுக்கு. கண்ணாடியில் பார்த்தபோது கொஞ்சம் உப்பியிருந்தேனே தவிர ஸ்டாக்கிங்கின் பட்டைகூட வெளியே தெரியவில்லை. இன்னும் ஒரு நாள். பெயரில்லாமல் ஜெயித்துவிடுவேன்.

கோயிலுக்குப் புறப்படும் முன் முன்னறையில் குடும்ப ஜெபம். மாமனார் நீளமாக ஜெபிக்கிறவர். எல்லோரும் கண்மூடி நிற்க, நான் மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சிலிருந்து சரசரவென்று சத்தம் வந்தது. மூச்சைப் பிடித்தேன். பிடித்த மூச்சை விட்டபோது இன்னும் பலமாகச் சரசரத்தது.

"எலி வந்துருச்சு போல" என்று கொழுந்தியாள் கிசுகிசுத்தாள்.

"கண்ண மூடுடி" என்றாள் அவள் மூத்த அக்கா.

ஆமென் சொன்னதும் மாமியார் உள்ளே போய் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். பிரித்தார். கரும்பச்சை நிறத்தில் ஒரு முழுக்கை ஸ்வெட்டர். கையால் பின்னியது, கழுத்தில் கயிறு முறுக்கினாற்போல் வேலைப்பாடு. முதல் கிறிஸ்துமஸுக்கு வருகிற மருமகனுக்கு அந்த வீட்டில் மாமியார் தன் கையால் பின்னிப் போடுவார். ஜெபம் முடிந்து அவர் போட்டுவிடும் வரைக்கும் மருமகனிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது. கொடைக்கானலில் ஸ்வெட்டர் பின்னாத வீடு இல்லை. ஆனால் அளவுச் சட்டை ஒன்றைக் கொடுத்தால் ஆளைப் பார்க்காமலே உடம்பில் ஒட்டவைக்கிற கை என் மாமியாருடையது என்று ஊரில் பேச்சு.

"கையத் தூக்குங்க மாப்பிள்ளை."

தூக்கினேன். சரசரத்தது. ஸ்வெட்டர் தலைவழி இறங்கித் தோளில் நின்றது. மாமியார் இழுத்தார். கொழுந்தியாள் பின்னாலிருந்து இழுத்தாள். கை முழங்கையோடு சரி. நெஞ்சுக்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. இரண்டு கையையும் தூக்கியபடி நான் நின்றேன்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. மாமியார் ஸ்வெட்டரை மெதுவாகக் கழற்றி விளிம்பை விரலால் சாண் போட்டுப் பார்த்தார். மறுபடியும் சாண் போட்டார்.

"சட்டைய வச்சு அளந்துதானடி பின்னுனேன்" என்றார் என் மனைவியிடம். "நீ அனுப்புன நீலக்கோடு போட்ட சட்டைதான. மூணு மாசம். ஒவ்வொரு வரியும் எண்ணி எண்ணித்தான போட்டேன்."

"விடு, இருக்கட்டும்" என்றார் மாமனார்.

"இல்ல. கண்ணு போயிருச்சு. டாக்டர் போன வருசமே சொன்னாரு, நான்தான் கேக்கல." அவர் ஸ்வெட்டரை மடிக்கத் தொடங்கினார். "இம்புட்டா தப்பாப் போகும்? இனிமே ஊசியத் தொடக் கூடாது."

சுவர் ஓரத்து மேசையில் அவருடைய பின்னல் ஊசிகள் ஒரு தகரக் குவளையில் நின்றன. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் ஒவ்வொன்றாக மாட்டும்போது பக்கத்தில்தான் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையில் அவளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை எனக்கு விட்டுவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் பெயரில்லாமல் மலையிறங்கலாம். ஐந்து வாரம் பாடுபட்டது அதற்குத்தான். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று டைரியில் இல்லை. அதிகம் இருக்காது என்று நம்புகிறேன்.

"அத்தை, அளவு சரிதான். தப்பு எம்பேர்லதான்" என்றேன்.

ஜிப்பாவைக் கழற்றினேன். வெள்ளைச் சட்டையைக் கழற்றினேன். டிராயிங் ஸ்வெட்டர் வந்தது. கொழுந்தியாள் அதை வாங்கிக் கழுத்தைத் திருப்பிச் சீட்டைச் சத்தமாகப் படித்தாள். "டிராயிங் சார்." அடுத்தது. "சயின்ஸ் சார்." அதற்கு அடியிலிருந்து நியூஸ் பேப்பர் விழுந்தது. மாமனார் குனிந்து எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, "வைகையில தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டார். முதுகுத் தாளையும் வாங்கிப் பக்கம் சேர்த்துக்கொண்டார். ஒரு பனியன். அதற்கடியில் இன்னொரு பனியன்.

"இன்னும் இருக்கா மச்சான்?"

"இல்ல. அம்புட்டுத்தான்."

"கால்ல?"

வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கிக் காட்டினேன். சிவப்பும் மஞ்சளும் தெரிந்தன. "பி.டி. சார்" என்று நானே சொன்னேன்.

முதலில் சிரித்தது மாமியார்தான். ஈரக் கண்ணோடு, தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தார். சிரித்தபடியே ஒற்றைப் பனியன் மேல் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. தோள் தோளில் நின்றது. கை மணிக்கட்டு எலும்பைத் தொட்டு நின்றது. அவர் விளிம்பை இருபுறமும் இழுத்துவிட்டு ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு குவளையிலிருந்த ஊசிகளைப் பார்த்தார்.

"பாரேன், நம்ம தோட்டத்துக் கோசு மாதிரியே" என்றாள் கொழுந்தியாள். "உரிக்க உரிக்க வந்துக்கிட்டே இருந்துச்சு. கோசு மச்சான்!"

மலையில் முட்டைக்கோஸ் விளையாத தோட்டம் இல்லை. ஆகவே பெயர் அந்த நிமிடமே வேர்பிடித்துவிட்டது. எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள் சகலை வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"நாலு வருசம் சகலை. நாலு வருசம் நான் ஒத்தையா இருந்தேன்."

"உங்களுக்கும் ஸ்வெட்டர் போட்டாங்கள்ல? தெரிஞ்சும் ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு வழக்கமில்ல?" என்றார், மிகவும் பணிவாக.

கோயிலில் அன்று எனக்குக் குளிரவே இல்லை. ஒரு பனியன், ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் ஜிப்பா. அது போதுமானதாக இருந்தது. மனைவி சொன்ன 'எல்லாம்' அதுதான்.

மதுரைக்கு இறங்கிய மறுநாள் முதல் வேலையாகச் சலவைக்காரரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். மாமியார் பெட்டியில் வைத்து அனுப்பிய முட்டைக்கோஸில் பெரியதாக ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எண்ணிப் பாத்துட்டீங்களா சார், ஒண்ணுதான?" என்றார்.

அதற்கு மூன்று வருடம் கழித்துக் கொழுந்தியாளுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை கொட்டாம்பட்டிப் பக்கம், கூட்டுறவு அலுவலகத்தில் வேலை, நல்ல அடக்கமான மனிதர். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அண்ணே, அங்க எம்புட்டுக் குளிரும்? என்னென்ன கொண்டு போகணும்?" என்று கேட்டார்.

நான் அலமாரியைத் திறந்து பழைய பட்டியலை எடுத்தேன். நாற்பத்தொன்றையும் நல்ல தாளில், வரிசை எண் போட்டு, அவருக்கு அழகாக நகலெடுத்துக் கொடுத்தேன். சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை.

"ஒண்ணையும் விட்றாதீங்க சகலை" என்றேன். "எல்லாத்தையும் உள்ளுக்குள்ள போடுங்க."